நூறு என்றால் நூற்றொன்று

என் வீட்டுக்காரருக்குப் பணம் எண்ணத் தெரியாது என்று சொன்னால் அந்த நாளில் திருவண்ணாமலையில் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். தேரடிக்குப் பக்கத்தில் மைக் செட் கடை வைத்திருந்தவர். எந்த ஊர்த் திருவிழாவுக்கு எத்தனை குழாய் ஸ்பீக்கர், எவ்வளவு வயர், எத்தனை சீரியல் பல்பு என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஆனால் பணம் என்று வந்துவிட்டால் அவருடைய எண்கள் பூஜ்யத்தில் முடியவே முடியாது. ஐம்பது என்றால் ஐம்பத்தொன்று. நூறு என்றால் நூற்றொன்று.

மொய் என்றால் எல்லோரும் அப்படித்தானே வைப்பார்கள், இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். மொய்யோடு நின்றிருந்தால் நான் ஏன் இதை எழுத உட்காரப் போகிறேன்? இந்த மனிதர் கடை வாடகையையே அப்படித்தான் கொடுத்தார். கடைக்குச் சொந்தக்காரர் முதல் மாதம் அந்த ஒரு ரூபாயைத் திருப்பிக் கொடுத்துப் பார்த்தார். இரண்டாம் மாதத்திலிருந்து வாயைத் திறக்காமல் வாங்கி மடியில் முடிந்துகொண்டார். பல்பு கடை, டெய்லர், பால்காரர் எல்லோருக்கும் இதே கதைதான். "மொட்டையா குடுத்தா போன பணம் போனதுதான். அந்த ஒத்த ரூபா கூடப் போனா, மத்த ரூபாயெல்லாம் கூட்டிக்கினு திரும்பி வரும்" என்பார். திரும்பி வந்ததை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

இதில் இன்னொரு கூத்து உண்டு. அந்த ஒரு ரூபாய் அவர் மனசில் பணமாகவே பதியாது. நூற்றொன்று கொடுத்துவிட்டு வந்து, எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டால் நூறு என்பார். பொய் சொல்வதாக அவருக்கு நினைப்பே இல்லை. பூவோடு நாரும் சேர்ந்து வருவதுபோல அந்த ரூபாய் நூறோடு ஒட்டிக்கொண்டு வருவது, அவ்வளவுதான். கடைக் கணக்கை எழுதியது நான். மாதக் கடைசியில் ஒன்று ஒன்றாக உதைக்கும்போது தலையிலடித்துக்கொண்டதும் நான்தான்.

கடை வைப்பதற்கு முன்னால் அவர் கீழ்பென்னாத்தூரில் என் அண்ணன் அரிசி மில்லில் மோட்டார் பார்த்துக்கொண்டிருந்தார். என் அண்ணனுக்கு மனசு நல்ல மனசு, நாக்குத்தான் சரியில்லை. நெல் கொண்டுவருகிறவர்கள் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது, "நம்ம மாப்ளைக்கும் ஒரு டீ சொல்லுங்கப்பா, பாவம்" என்பான். அந்தப் 'பாவம்' என்ற ஒரு சொல்லுக்காகத்தான் நான் என் இரட்டை வடச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தேன். அதை விற்று ஒரு ஆம்ப்ளிஃபயரும் நாலு குழாயும் வாங்கினோம். கடைக்குப் பூஜை போட்ட அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே. சங்கிலி போனது எனக்குக் கொஞ்சமும் வருத்தமாக இல்லை.

மைக் செட்டுக்குச் சத்தம் ஜாஸ்தி, வரும்படி கம்மி. அதுவும் வரும்படி நேரத்துக்கு வராது. ஆடியில் கூழ் ஊற்றுகிற ஊரெல்லாம் எங்கள் குழாய்தான் அலறும். காசு கேட்டால், மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, பிடுங்கின பிறகு தருகிறோம் என்பார்கள். மல்லாட்டை எப்போது பிடுங்குவது, எப்போது விற்பது, எப்போது எங்களுக்கு வருவது? அதற்குள் கார்த்திகை தீபம் வந்துவிடும். தீபத்தின் பத்து நாள்தான் எங்களுக்கு வருஷச் சாப்பாடு. அதற்கு முன்கூட்டியே வயரும் பேட்டரியும் குழாயும் வாங்கிப் போட்டாகவேண்டும். இந்த இடைவெளியைத் தாண்டத்தான் பாங்கில் ஓ.டி. கேட்டோம். ஓவர்டிராஃப்ட் என்பதை ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். கணக்கில் பணமே இல்லாவிட்டாலும் ஒரு வரம்பு வரைக்கும் செக் எழுதி எடுத்துக்கொள்ளலாம், எடுத்ததற்கு வட்டி கட்டவேண்டும். கடைச் சாமான்களை ஈடாகக் காட்டியதில் எங்களுக்கு ஐயாயிரம் ரூபாய் லிமிட் கிடைத்தது. வருஷா வருஷம் ஐப்பசியில் புதுப்பிக்கவேண்டும். எழுபதுகளின் கடைசியில் எங்களைப் போன்றவர்களுக்கு அது சின்னப் பணம் இல்லை.

லிமிட் கிடைத்த அந்த வாரமே என் வீட்டுக்காரர் மெட்ராஸ் கடைக்காரருக்குச் செக் எழுதினார். எவ்வளவுக்கு என்று நான் சொல்லவும் வேண்டுமா? ஐயாயிரத்து ஒன்று.

பாங்கு செக்கைத் திருப்பவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு, லிமிட்டைத் தாண்டியதற்கு என்று எங்கள் கணக்கில் பத்து ரூபாய் பிடித்துக்கொண்டது. பாஸ்புக்கைப் பார்த்த மனிதருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. போலீஸ்காரன் லைட் இல்லாத சைக்கிளைப் பிடித்ததுபோல எனக்கு ஃபைன் போட்டுவிட்டானே என்று கிளம்பினார். தனியாக விட்டால் என்ன பேசித் தொலைப்பாரோ என்று நானும் கூடவே போனேன்.

மேனேஜர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருப்பார். ஒன்று பாங்கு வேலைக்கு, இன்னொன்று சொந்த வேலைக்கு. ஊருக்குக் கடிதாசி எழுதவேண்டும் என்றால் பாங்கு பேனாவை மூடி வைத்துவிட்டு மற்றதைத் திறப்பாராம். இப்படிப்பட்டவரிடம்தான் என் வீட்டுக்காரர் ஒரு ரூபாயின் மகிமையைச் சொல்லப் போனார்.

எல்லாவற்றையும் பொறுமையாகத்தான் கேட்டார் மேனேஜர். இது ஃபைன் இல்லை, சார்ஜ் என்று திருத்தினார். செக்கைத் திருப்பியிருந்தால் மெட்ராஸில் உங்கள் பெயர் கெட்டிருக்கும், அதனால்தான் பாஸ் பண்ணினேன் என்றும் சொன்னார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. என் வீட்டுக்காரர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"ஒரு ரூபாய்க்குப் பத்து ரூபாயா சார்? நான் எடுத்தது ஐயாயிரம்தான சார்?"

"ஐயாயிரத்து ஒண்ணு எடுத்திருக்கீங்க."

"அந்த ஒண்ணு கணக்குல வராதுங்க. அது சும்மா கூடப் போறது."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "பாங்குல சும்மா கூடப் போறதுன்னு ஒண்ணும் கிடையாதுங்க. எனக்கு ரூபான்னா ரூபாதான்" என்றார். திரும்பி வருகிற வழியெல்லாம் என் வீட்டுக்காரருக்கு ஒரே முணுமுணுப்பு. ரூபாய்க்கு மரியாதை தெரியாத மனிதர் கையில் பாங்கைக் கொடுத்திருக்கிறார்களே என்று அவருக்குத் தாங்கவில்லை.

மறு ஐப்பசியில் ஒன்றும் சொல்லாமல் புதுப்பித்துக் கொடுத்தார்கள். அதற்கடுத்த பங்குனியில் மறுபடியும் அதே கூத்து நடந்தது. அதே ஒரு ரூபாய், அதே பத்து ரூபாய் சார்ஜ். இந்தத் தடவை மேனேஜர் அவரைக் கூப்பிடவில்லை. பணம் கட்டப் போன என்னைத்தான் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"அம்மா, முதல் தடவை புதுக் கணக்குன்னு விட்டுட்டேன். இது ரெண்டாவது. இன்னொரு வாட்டி லிமிட்டைத் தாண்டினா, ஐப்பசியில புதுப்பிக்கும்போது நான் அதை எழுதியே ஆகணும். எழுதினா வேலூர் மேலாபீஸ்ல லிமிட்டை ரத்து பண்ணிடுவாங்க. உங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னா அவர் எனக்குத் திருப்பிப் பாடம் எடுக்கறார். அதனால உங்ககிட்ட சொல்றேன்."

லிமிட் போனால் தீபத்துக்குச் சாமான் வாங்க முடியாது. தீபம் போனால் கடை போச்சு. கடை போனால் என் வீட்டுக்காரர் மறுபடியும் கீழ்பென்னாத்தூர் மில்லில் மோட்டார் பக்கத்தில் போய் நிற்கவேண்டும். "மாப்ளைக்கு ஒரு டீ சொல்லுங்கப்பா, பாவம்." அது என் காதிலேயே கேட்டது.

அன்றைக்கே செக் புத்தகத்தைப் பறித்து என் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். செக் வேண்டும் என்றால் என்னிடம் கேட்கவேண்டும், இன்னும் எவ்வளவு எடுக்கலாம் என்று நான் சொல்வேன், அதற்கு மேல் ஒரு பைசா எழுதக்கூடாது. மனிதர் சரி என்று தலையாட்டினார். அவருக்கும் அந்த மில் ஞாபகத்தில் இருந்திருக்கும்.

ஆவணியில் மேனேஜர் தன் மகளுக்குக் கல்யாணம் வைத்தார். கோயிலில் தாலி கட்டு, பக்கத்துச் சத்திரத்தில் சாப்பாடு. கடைக்கே வந்து பத்திரிகை வைத்தார். மைக் செட்டு மட்டும் வேண்டாம் என்றார். தன் பாங்கில் கடன் வாங்கியிருப்பவரிடம் தன் வீட்டு விசேஷத்துக்கு வேலை வாங்கக்கூடாதாம். வாடகை கொடுத்துத்தானே வாங்கப் போகிறீர்கள் என்று நான் கேட்டேன். அப்படியும் கூடாதாம். சத்தமே இல்லாமல் ஒரு கல்யாணமா, ஊமை வீட்டுக் கல்யாணம் மாதிரி இருக்குமே என்று என் வீட்டுக்காரர் இரண்டு நாள் புலம்பினார்.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. புறப்படுகிற நேரத்தில் செக் புத்தகத்தைக் கேட்டார். எதற்கு என்றேன். மொய் வைக்க என்றார். கல்யாணத்தில் யாராவது செக்கில் மொய் வைப்பார்களா? "பாங்குக்காரர் வீட்டுல போய் நோட்டை நீட்டுனா, லஞ்சம் குடுக்கற மாதிரி இருக்காது? செக்குதான் மரியாதை" என்றார். சரி, இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று கணக்கைப் பார்த்தேன். அந்த வாரம் குழாய் வாங்கியதில் லிமிட்டைத் தொட்டுக்கொண்டு நின்றோம். இன்னும் எடுக்கக்கூடியது சரியாக நூறு ரூபாய்.

"நூறுதான் இருக்குது. அதைத் தாண்டக் கூடாது" என்றேன்.

"நூறு போதும்" என்றார். ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தேன்.

சும்மா சொல்லக்கூடாது, கல்யாணம் நன்றாக நடந்தது. மொய் எழுதியது பாங்கு கேஷியர். அவர் எழுதின மொய் நோட்டில் ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. எங்கள் செக்கை வாங்கி, பழக்கதோஷத்தில் பின்பக்கம் கையெழுத்து இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தாராம். நான் அப்போது பெண்கள் பக்கம் இருந்தேன். சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு இருவருமாக வீட்டுக்கு நடந்து வந்தோம். பேச்சுவாக்கில் மொய் எவ்வளவு வைத்தீர்கள் என்றேன்.

"நீ சொன்ன மாதிரி நூறு."

கொஞ்ச தூரம் நடந்திருப்போம். எனக்குச் சுருக்கென்றது.

"ஏங்க, நூறா, நூத்தியொண்ணா?"

நடுத்தெருவில் நின்று, இவளுக்குப் புத்தி கித்தி கெட்டுவிட்டதா என்பதுபோல என்னைப் பார்த்தார். "நூத்தியொண்ணுதான். கல்யாணத்துக்கு எவனாவது மொட்டையா நூறு வெப்பானா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. தெருவென்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். வளையல் கடைக்காரர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். மூன்றாவது தடவை, மூன்றாவது தடவை என்று நான் விரலைக் காட்டிக்காட்டிச் சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. முகம் அப்படியே விழுந்துவிட்டது. தீபத்துக்கு நாலு கடைக்காரர்களிடம் முன்பணம் வேறு வாங்கியிருந்தார்.

"போய்ச் செக்கைத் திருப்பிக் கேட்டுடட்டுமா?" என்றார் மெதுவாக. வைத்த மொய்யைத் திருப்பிக் கேட்பதா? அவரே அடுத்த நிமிஷம் தலையை ஆட்டிக்கொண்டார். அதற்கு மில்லே மேல்.

மறுநாள் பாங்கு திறந்ததும் ஒரு ரூபாய் கட்டிவிட்டால், செக் கணக்குக்கு வருவதற்குள் சரியாகிவிடும் என்று நான்தான் கண்டுபிடித்தேன். அவருக்குக் காலையிலேயே அடி அண்ணாமலையில் ஒரு காதுகுத்துக்குக் குழாய் கட்டவேண்டியிருந்தது. அஞ்சறைப் பெட்டியில் நாலைந்து ரூபாய் சில்லறை கிடந்தது. அதைத் தொடவேண்டாம் என்றார். சாமி படத்துக்கு முன்னால் குங்குமம் வைத்திருந்த ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து என் கையில் வைத்தார். மனிதர் பேசாமல் இருந்ததைப் பார்க்கத்தான் எனக்கு அழுகை வந்தது.

நான் போகும்போது பாங்கு கதவைத் திறந்துவிட்டிருந்தார்கள். வழியெல்லாம் மேனேஜரிடம் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே போனேன். ஒருவேளை செக்கை முதல் வேலையாக எடுத்துப் பார்த்திருந்தால்? காலில் விழுவதா, சண்டை போடுவதா? சண்டைதான் எனக்குச் சரளமாக வரும். ஆனால் தப்பு எங்கள் பக்கம். பணம் கட்டுகிற வரிசையில் மூன்று நான்கு பேர் நின்றிருந்தார்கள். கடைசி ஆள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன்.

அந்த முதுகு மேனேஜருடையது.

வெளி ஆட்களோடு ஆளாக, கம்பிக்கு இந்தப் பக்கம், கையில் சலானோடு நின்றுகொண்டிருந்தார். உள்ளே வாருங்கள் சார் என்று பியூன் வந்து கூப்பிட்டதற்கு, இது சொந்த வேலை என்று சொல்லி அனுப்பிவிட்டார். சலானை எழுதியிருந்த பேனா கூடச் சொந்தப் பேனாதான், கையிலேயே வைத்திருந்தார். திரும்பி என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. களவு செய்து மாட்டிக்கொண்டவர்போல விழித்தார்.

"உங்க வீட்டுக்காரர் மொய்ச் செக்கு" என்றார், யாருக்கும் கேட்காத குரலில். "லிமிட்டுக்கு ஒரு ரூபா மேல போகுது. என் பொண்ணுக்கு வந்த மொய்யை நான் எப்படிம்மா திருப்புவேன்? மொய் மேல சார்ஜ் போடறதுக்கும் கை வரல. அதான், ஒரு ரூபாயை நானே கட்டிடலாம்னு. யார் கணக்குல யார் வேணும்னாலும் பணம் கட்டலாம், அதுக்கு ரூல் இருக்கு."

அவர் எழுதியிருந்த சலானைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் பெயருக்கு, ரூபாய் ஒன்று மட்டும். அந்த நிமிஷத்தில் இந்த மனிதர் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஆனாலும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கையை விரித்துக் குங்குமம் ஒட்டியிருந்த நாணயத்தைக் காட்டினேன்.

"நான் கொண்டாந்துட்டேன் சார். நீங்க கட்ட வேணாம்."

"பரவால்லம்மா. யார் கட்டினா என்ன, ரூபா ரூபாதானே?"

"இல்ல சார். நீங்க கட்டுனா எங்க மொய் நூறா போயிடும். உங்க பொண்ணுக்கு நாங்க மொட்டையா வெச்சதா ஆயிடும்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். நாணயத்தைப் பார்த்தார். அப்புறம் சலானை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, வரிசையிலிருந்து விலகி எனக்கு இடம் விட்டார். நான் கட்டி முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றார். ஒரு ரூபாயைப் பார்த்துக் கேஷியர் சலித்துக்கொண்டபோது, "வாங்கிக்குங்க சார், அது மொய்ப் பணம்" என்று சொன்னதும் அவர்தான். செக் அன்றைக்கே பாஸாகிவிட்டது. சார்ஜ் எதுவும் இல்லை.

நடந்ததை வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர், அந்த மனிதருக்கு ரூபாயின் மரியாதை தெரிந்துவிட்டது என்று மட்டும் சொன்னார். நான் பாங்குக்கு ஓடியதைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. போகட்டும்.

ஐப்பசியில் லிமிட்டைப் புதுப்பிக்க இருவரும் போனோம். ஐயாயிரம் வேண்டும் என்று விண்ணப்பத்தில் நான்தான் எழுதியிருந்தேன். மேனேஜர் வாங்கி முழுதும் படித்தார். பழைய கணக்கை ஒரு தடவை புரட்டினார். அப்புறம் விண்ணப்பத்தை என் பக்கம் தள்ளி, பாங்கு பேனாவைக் கழற்றி நீட்டினார்.

"தொகையைத் திருத்தி எழுதுங்கம்மா. ஐயாயிரத்து ஒண்ணுன்னு போடுங்க."

எனக்குப் புரியவில்லை. நான் விழிப்பதைப் பார்த்து, "உங்க வீட்டுக்காரருக்கு ஐயாயிரம்னா அது எவ்வளவுன்னு எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுது. அவர் மாற மாட்டார். லிமிட்டை மாத்திக்கலாம். ஒரு ரூபா கூட்டறதுக்கு எனக்கு அதிகாரம் இருக்கு" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். என் வீட்டுக்காரர் எழுந்து நின்று கும்பிட்டார். அந்த வருஷத் தீபத்துக்கு மெட்ராஸ் கடைக்காரருக்குப் போன செக் ஐயாயிரத்து ஒன்றுக்குத்தான். பத்து பைசா சார்ஜ் இல்லாமல் பாஸானது.

லிமிட்டைப் புதுப்பித்துவிட்டு அன்றைக்குக் கடைக்குத் திரும்பி வந்ததும் அவர் மார்பை நிமிர்த்திக்கொண்டு, "பாத்தியா, அந்த ஒத்த ரூபா திரும்பி வந்துடுச்சி" என்றார். அந்த ஒரு ரூபாயைத் திருப்பி வாங்க இருபது ரூபாய் சார்ஜ் கட்டினோமே என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. என் வாய் சும்மா இருக்குமா? சொல்லியே விட்டேன். அவர் காதில் விழவில்லை. தீபத்துக்கு வாங்கப்போகிற புது ஆம்ப்ளிஃபயருக்கு ஒதுக்கி வைத்திருந்த இடத்தைத் துடைத்துவிட்டு, பழைய மைக்கைத் தட்டித்தட்டி, ஹலோ ஹலோ என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்.